கையால் கிடார் செய்ய 23 குறிப்புகள்

கிடார் செய்யப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "என்ன மரம்?" என்பதுதான். ஈட்டியா, மகோகனியா, கருங்காலியா என்று ஆரம்பித்து, எந்த நாட்டிலிருந்து வரவழைப்பது என்பதில் போய் நிற்கும் அந்தப் பேச்சு. மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் செய்த கிடார்கள் பெரும்பாலும் ஒட்டிய நாளின் ஈரக்காற்றாலும், கழுத்து நின்ற கோணத்தாலும், அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவிவிட்ட கையாலும்தான் கெட்டுப்போகின்றன. எனவே இந்தக் குறிப்புகளில் மரத்துக்குக் கொஞ்சம் இடமும், மற்ற மூன்றுக்கும் நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன். மாடி அறையில் ஒரு கனமான மேசை, சில கைக்கருவிகள், விடுமுறை நாட்கள் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு முதல் கிடார் செய்பவருக்காக எழுதியது.

1. முதல் கிடார் நைலான் தந்தி போட்ட ஸ்பானிஷ் கிளாசிக்கல் கிடாராக இருக்கட்டும். ஸ்டீல் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்; நைலான் தந்திகளின் இழுவை 40 கிலோ அளவில் நின்றுவிடும். கழுத்துக்குள் இரும்புக் கம்பி புதைக்கும் வேலை இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஸ்பானிஷ் முறையில் கழுத்தின் அடிக்கட்டையில் இரண்டு பள்ளம் போட்டு, வளைத்த பக்கப் பலகைகளை அதிலேயே செருகிவிடுவார்கள். கழுத்தைத் தனியாகச் செய்து, கூடு முடிந்தபின் கோணம் பார்த்துப் பூட்டுகிற தலைவலி கிடையாது.

2. மரம் வாங்கும் முன் முழு அளவு வரைபடம் ஒன்று வாங்குங்கள். அந்தோனியோ தே தோரெஸ், ஹெர்மன் ஹவுசர் போன்ற பழைய கைவினைஞர்களின் கிடார்களை அளந்து வரைந்தவை விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதில் உள்ளபடியே செய்யுங்கள். ஒன்றிலிருந்து உடல் வடிவம், இன்னொன்றிலிருந்து குச்சிகளின் அமைப்பு என்று கலப்பதை நான்காவது கிடாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. உளி வாங்குவதற்கு முன் ஈரப்பதமானி வாங்குங்கள். கடையில் வாங்கிய மானி சரியாகக் காட்டுகிறதா என்று சமையலறையிலேயே சோதிக்கலாம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போலாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 80 காட்டினால் அது எப்போதும் 5 கூட்டிச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

4. எல்லாக் குறிப்புகளிலும் முக்கியமானது இதுதான். மரம் நார்ப்போக்கில் நீள்வதில்லை; குறுக்கே ஊதும், குறுக்கே சுருங்கும். கிடாரின் முன்பலகை அகலமான இடத்தில் 36 செ.மீ. வரும். ஈரப்பதம் 70 சதவீதத்திலிருந்து 45-க்கு இறங்கினால் அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். ஆனால் உள்ளே குறுக்கே ஒட்டிய குச்சிகள் அதை விடாது. இழுபறியில் பலகை நாரோடு பிளக்கும். எதிர்த்திசையில் ஆபத்து குறைவு. வறண்ட காற்றில் ஒட்டியது ஈரக்காற்றுக்கு வந்தால் கொஞ்சம் உப்பி மேலே எழும், தந்தி சற்று உயரும், பலகை பிளக்காது. ஆகவே குச்சிகளை ஒட்டுவதும் கூட்டை மூடுவதும் ஈரப்பதம் 40 முதல் 45 சதவீதத்தில் இருக்கும்போதுதான். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் அந்தக் காற்று தானாக வராது. சின்ன அறையாகப் பார்த்து, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, ஏ.சி.யை 'டிரை' நிலையில் ஓடவிடுங்கள். போதவில்லை என்றால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாடகைக்காவது கொண்டுவாருங்கள். பலகைகளும் குச்சிகளும் ஒட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது அந்த அறையிலேயே, இருபுறமும் காற்றுப் படும்படி நிறுத்தியிருக்க வேண்டும். மற்ற வேலைகளை மொட்டை மாடியில்கூடச் செய்யலாம்.

5. கையில் இருக்கும் பணத்தை முன்பலகையில் போடுங்கள். தந்தியின் அதிர்வைக் காற்றுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட, தோரெஸ் 1862-ல் ஒரு கிடாரின் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழால் செய்து, முன்பலகையை மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரத்தில் வைத்தார். அந்தக் கிடார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகுக்கு விலையுயர்ந்த மரம் தேடி அலைபவர்கள் அதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

6. முன்பலகைக்கு ஸ்புரூஸ், அல்லது வெஸ்டர்ன் ரெட் சீடார். இரண்டுமே குளிர்நாட்டு மரங்கள், வரவழைக்கத்தான் வேண்டும். கிளாசிக்கல் கிடாரில் சீடார் பழக்கத்துக்கு வந்தது 1960-களில், மாட்ரிட்டில் மூன்றாம் ஹோசே ராமிரெஸின் பட்டறையில். முதல் கிடாருக்கு ஸ்புரூஸே நல்லது. சீடார் மிக மென்மையானது. நகம் பட்டால் தழும்பு விழும். பலகை கைக்கு வந்ததும் அதன் முனையைப் பாருங்கள்: வருட வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கோடுகள் நெருக்கமா அகலமா என்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பிறகு மேல் ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் தள்ளி இரு விரலால் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். ஓசை நீண்டு ஒலித்தால் வைத்துக்கொள்ளலாம். 'டொக்' என்று செத்தால் திருப்பி அனுப்பலாம்.

7. உலகமே முதுகுக்குக் கேட்கும் 'இந்தியன் ரோஸ்வுட்' நம் ஈட்டிதான். தோதகத்தி என்றும் சொல்வோம். கூடலூர், வயநாடு, குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக வளர்வது. 1960-களின் கடைசியில் பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனமே நம் ஈட்டிக்கு மாறிக்கொண்டது. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்கவென்றே 1994-ல் தனிச் சட்டம் போட்டார்கள். ஆகவே ரசீது இல்லாமல் ஈட்டி வாங்காதீர்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் உடைந்த ஈட்டிக் கட்டில், மேசைப் பலகை கிடைத்தால் அதைவிட நல்ல சரக்கு இல்லை: பல பத்தாண்டுகள் உலர்ந்திருக்கும். அறுப்பதற்கு முன் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள்.

8. கழுத்துக்கு ஸ்பெயினில் செட்ரெலா மரம் போடுவார்கள். அதற்கு நெருங்கிய உறவு நம் ஊர்ச் சந்தன வேம்பு. வடக்கே சித்தார் செய்யப் பயன்படும் 'தூன்' மரமும் இதுவே. இலகுவானது, சீவ எளிது, ஒருமுறை உலர்ந்தால் முறுக்கிக்கொள்வது குறைவு. நார் நேராக ஓடும் துண்டாகத் தேர்ந்தெடுங்கள்.

9. கருவிகளின் எண்ணிக்கையைவிடக் கூர்மைதான் உதவும். நல்ல இழைப்புளி ஒன்று, 6 மற்றும் 20 மி.மீ. உளிகள், ஒரு சீவுதகடு, மெல்லிய ரம்பம், மூலைமட்டம், 0.1 மி.மீ. காட்டும் காலிப்பர், இரும்பு அளவுகோல், கிடைக்கும் வரை கிளாம்புகள். வேலையைத் தொடங்குமுன் இழைப்புளியைத் தீட்டி, மென்மரத்தின் முனையில் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் சுருளாக வந்தால் சரி.

10. பசை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நாற்காலி மேசைக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ரப்பர் போல இளகும் தன்மை உள்ளது. ஓயாத இழுவையில், அதுவும் நம் ஊர் வெயிலில், பிரிட்ஜ் மெல்ல நகர்ந்துவிடும். வாத்தியங்களுக்கென்றும் மரவேலைக்கென்றும் வரும் மஞ்சள் நிற அலிஃபாட்டிக் பசை போதும். பழைய தச்சர்களின் வச்சிரத்தைக் காய்ச்சத் தெரிந்தால் இன்னும் நல்லது: கண்ணாடி போல இறுகும், பின்னால் பழுது பார்க்கச் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். அதை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் நிறுத்துங்கள். கொதித்தால் அதன் பிடிப்பு போய்விடும்.

11. முன்பலகையின் இரு பாதிகளையும் ஒட்டுமுன், விளிம்போடு விளிம்பு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி இழைக்க வேண்டும். கிளாம்பை இறுக்கி மூடிவிடலாம் என்ற எண்ணம் சில மாதங்களில் விரிசலாகத் திரும்பி வரும்.

12. பலகையை எவ்வளவு மெல்லியதாக்குவது? ஸ்புரூஸ் முன்பலகை 2.3 மி.மீ. அளவில், சீடார் கொஞ்சம் கூடுதலாக, முதுகு 2.5, பக்கங்கள் 2 அல்லது அதற்குச் சற்றுக் கீழே. இவை பொது அளவுகள். உங்கள் பலகை இந்த எண்களைப் படித்ததில்லை. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை. அதனால் 2.8 வரை தைரியமாக இழையுங்கள். அதற்குமேல் பத்து பத்துச் சீவலுக்கு ஒருமுறை நிறுத்தி, இரு கையாலும் குறுக்கே மெல்ல வளைத்துப் பாருங்கள். முதலில் அட்டை போல முரண்டு பிடிக்கும். ஒரு கட்டத்தில் சட்டென்று இணங்கத் தொடங்கும். அதுவரை தட்டினால் வந்த கூரிய ஓசையும் அங்கே கீழிறங்கியிருக்கும். அத்தோடு இழைப்புளியைக் கீழே வையுங்கள். இன்னும் கொஞ்சம் மெல்லியதானால் இன்னும் நன்றாக ஒலிக்குமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். உண்மைதான், சில மாதங்கள் அருமையாக ஒலிக்கும். பிறகு பிரிட்ஜுக்கு முன்னால் பள்ளம் விழும். தடிமன் அதிகமான கிடாரைப் பின்னால் வெளியிலிருந்தே கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்ய முடியும். மெலிந்துபோனதற்கு வைத்தியம் இல்லை.

13. முன்பலகையின் அடியில் ஒட்டும் விசிறிக் குச்சிகளை ரம்பத்தால் அறுக்காமல், கத்தி வைத்துத் தட்டிப் பிளந்து எடுங்கள். பிளவு நாரோடுதான் போகும். ஆகவே ஒரு நார்கூட நடுவில் அறுபடாத குச்சி கிடைக்கும். அதே பலத்துக்கு எடை குறைவு. தோரெஸ் வழக்கப்படி ஏழு குச்சிகள். அவற்றை அழுத்திப் பிடிக்க அத்தனை கிளாம்புகள் தேவையில்லை. மேசைக்கு மேலே ஒரு பலகையை உறுதியாக நிறுத்தி, இடைவெளியைவிடச் சற்று நீளமான மூங்கில் சிம்புகளை வில்லாக வளைத்து இடையில் செருகினால், ஒவ்வொன்றும் ஒரு குச்சியை அழுத்திப் பிடிக்கும்.

14. இனி கோணம். ஸ்பானிஷ் முறையில் கிடார் குப்புறப் படுத்தபடியேதான் உருவாகிறது. 'சொலேரா' எனப்படும் கிடார் வடிவப் பலகை ஒன்றின்மேல் முன்பலகையைக் கவிழ்த்து வைத்து, கழுத்து, பக்கங்கள், முதுகு என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். முன்பலகை லேசாகக் குவிய வேண்டும் என்பதற்காக, சொலேராவின் அகன்ற பகுதி நடுவில் இரண்டு மி.மீ. பள்ளமாகக் குடையப்பட்டிருக்கும். கழுத்து படுக்கும் பகுதியையும் தலையை நோக்கிச் சரிவாகச் சீவ வேண்டும்; நட் வரும் இடத்தில் 2 மி.மீ. தாழ்வு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏன் தேவை என்றால், கிளாசிக்கல் கிடாரில் கழுத்து உடலைத் தொடுவது 12-ஆவது ஃப்ரெட்டில். அது தந்தி நீளத்தின் சரிபாதி. நட் 2 மி.மீ. முன்னோக்கிச் சாய்ந்தால், ஃபிங்கர்போர்டின் மட்டம் பிரிட்ஜுக்கு மேலே 2 மி.மீ. தாழ்ந்து போகும். சாய்வே இல்லாமல் தட்டையாக ஒட்டினால், தந்திக்குச் சரியான உயரம் கொடுக்க சேடில் முன்பலகையிலிருந்து 13 மி.மீ. வரை எழ வேண்டியிருக்கும். அந்த உயரத்தில் தந்தி பிரிட்ஜை நெம்பும். நமக்கு வேண்டியது 10, 11 மி.மீ.தான். சொலேராவில் சீவிய அந்தச் சரிவு சரியாக இருந்தால் பிறகு ஆயுளுக்கும் கழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஒட்டுமுன், ஃபிங்கர்போர்டு தடிமனுள்ள சட்டம் ஒன்றைக் கழுத்தின்மேல் வைத்து, அதன்மேல் நீண்ட இரும்பு அளவுகோலைப் பிரிட்ஜ் வரை நீட்டி, முனை எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்துவிடுங்கள்.

15. பக்கப் பலகைகளை வளைக்க இரண்டரை அங்குல இரும்புக் குழாய் போதும். அதை மேசையில் பூட்டி, உள்ளே சூடாக்குங்கள். தெளித்த தண்ணீர் துளித்துளியாக உருண்டு ஓடினால் சூடு சரி. பலகையை நனைத்து, இடுப்பு வளைவிலிருந்து ஆரம்பியுங்கள். தள்ளாதீர்கள், குழாயின்மேல் இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே சாய்த்திருங்கள். மரம் சூடேறி இளகும் நொடி கைக்குத் தெரியும், அப்போது அது தானாகவே வரும். வெளிப்புறம் சிலிர்க்காமல் இருக்க மெல்லிய தகரப் பட்டை ஒன்றைச் சேர்த்துப் பிடியுங்கள். முதலில் மீந்த துண்டுகளில் கை பழகட்டும்.

16. வளைக்கும் முன் இரண்டு பலகைகளிலும் 'வெளி', 'மேல்', 'இடது', 'வலது' என்று சாக்பீஸால் பெரிதாக எழுதுங்கள். இரண்டும் இடதாக வளைந்துபோன கிடார்ப் பக்கங்கள் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன.

17. முதுகை மூடுமுன் அதன் உட்புறத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்: முன்பலகையின் தடிமன், குச்சிகளின் உயரம், ஒட்டிய நாளின் ஈரப்பதம். அடுத்த கிடார் செய்யும்போது சின்னக் கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டுப் படித்துக்கொள்ளலாம்.

18. ஃப்ரெட் இடங்களைக் கண்டுபிடிக்க 17.817 என்ற எண் போதும். தந்தி நீளத்தை அதனால் வகுத்தால் முதல் ஃப்ரெட் வரும். மீதி நீளத்தை மறுபடி அதனால் வகுத்தால் அடுத்தது. 650 மி.மீ. தந்திக்கு முதல் ஃப்ரெட் 36.48, ஐந்தாவது 163.05, ஏழாவது 216.18, பன்னிரண்டாவது சரியாக 325. பழைய காலத்தில் இதை 18 ஆல் வகுத்தார்கள்; விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேய் 1581-ல் எழுதிவைத்த கணக்கு அது. வசதியான எண்தான், ஆனால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அடையும்போது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். காது உடனே கண்டுபிடிக்கும். குறிக்கும்போது ஒவ்வோர் அளவையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு என்று தாவித் தாவி அளந்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். கோடுகளைப் பென்சிலால் போடாமல் கத்தி முனையால் கீறுங்கள். ரம்பம் அந்தக் கீறலிலேயே உட்காரும்.

19. ஈட்டித் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த உடையோடு சமையலறைக்குப் போகாதீர்கள்.

20. மெருகுக்கு அவலரக்கைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. சார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பூச்சி தரும் அரக்கிலிருந்து வருவது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், முன்பலகையில் கனமே தெரியாது. பழைய வெள்ளை வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்து முடிந்து, அதில் கரைசலை ஊற்றி, இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு, வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் வெள்ளை முன்பலகைக்கு இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். ஈட்டியின் நிறம் ஸ்பிரிட்டில் கரைந்து ஊதாவாகக் கசியும். பூசாத ஸ்புரூஸில் ஏறினால் போகவே போகாது. அடைமழை நாட்களில் இந்த வேலை வேண்டாம், பூச்சு பால் போல வெளுத்துவிடும். கரைத்துப் பல மாதமான அரக்கு சரியாக இறுகாது. சந்தேகமிருந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

21. பிரிட்ஜ் வெறும் மரத்தின்மேல்தான் ஒட்ட வேண்டும். மெருகின்மேல் ஒட்டியது ஒருநாள் நள்ளிரவில் வெடிச்சத்தத்தோடு கழன்று வரும். மெருகு பூசும்போதே அந்த இடத்தை ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள். சேடில் வரும் கோடு 650-ல் வேண்டாம், ஏறக்குறைய 652-ல் இருக்கட்டும். விரல் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். அந்த இரண்டு மில்லிமீட்டர் அதை ஈடுகட்டும்.

22. நட், சேடில் இரண்டுக்கும் எலும்புதான். கறிக்கடையில் மாட்டின் தொடை எலும்பு கேட்டு வாங்கி, கொழுப்புப் போக வேகவைத்து, சில வாரம் காயவைத்து அறுத்தால் பல கிடார்களுக்கு வரும். மாடியில் செய்யுங்கள், வாடை தாங்காது.

23. தந்தி போடும் நாளில் நைலான் தந்தியைத் தவிர வேறெதுவும் அந்தக் கிடாரின் பக்கம் வரக் கூடாது. ஸ்டீல் தந்தி இந்த முன்பலகையைப் பிடுங்கி எறிந்துவிடும். ஒரே மூச்சில் சுருதி ஏற்றாமல் எல்லாத் தந்திகளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏற்றுங்கள். இரண்டு வாரம் சுருதியிலேயே வைத்திருந்து, மரம் உட்கார்ந்த பிறகு 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே தந்தியின் உயரத்தை அளங்கள். தடித்த தந்திக்கு 4 மி.மீ., மெல்லிய தந்திக்கு 3 மி.மீ. இருக்கலாம். அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கை சேடிலில் குறைக்க வேண்டும். சேடிலை வெளியே எடுத்து, அதன் மேல்முகத்தைத் தொடாமல், அடிப்பக்கத்தைத் தட்டையான உப்புத்தாளில் தேயுங்கள்.